விலங்கு காப்பகங்களில் பூனைகளிடையே தொற்றுநோய்ப் பரவல்

விலங்கு காப்பகங்களில் பூனைகளிடையே தொற்றுநோய்ப் பரவல் என்பது, கைவிடப்பட்ட அல்லது மீட்கப்பட்ட பூனைகள் ஒன்றாகத் தங்கவைக்கப்படும் இடத்தில் ஒரு நோய் குறுகிய காலத்தில் பல பூனைகளைத் தாக்குவதைக் குறிக்கும். பூனை வெள்ளணுக் குறைவு நோய், மேல் மூச்சுப்பாதை நோய்கள், குடற் கொரோனா வைரசுத் தொற்று, படர்தாமரை ஆகியவை காப்பகங்களில் அடிக்கடி காணப்படுபவை. அண்மைக் காலத்தில் பறவைக் காய்ச்சலும் இப்பட்டியலில் சேர்ந்துள்ளது.

இந்நோய்களை உண்டாக்கும் கிருமிகள் பெரும்பாலும் வெளியிலிருந்தே காப்பகத்துக்குள் வருகின்றன. அவ்வாறு வரும் ஒரு நோயுற்ற பூனையோடு தொற்று நின்றுவிடுமா, அல்லது கூடத்திலுள்ள எல்லாக் குட்டிகளையும் கொண்டுபோகுமா என்பதைக் காப்பகத்தின் நெரிசலும் அன்றாட நடைமுறையுமே முடிவு செய்கின்றன. பெயர்ப்பலகை வைத்த பெரிய காப்பகங்களுக்கு மட்டும் உரிய செய்தியன்று இது. ஜவ்வாது மலை போன்ற, காப்பகமே இல்லாத பகுதிகளில் நான்கைந்து குட்டிகளை எடுத்து வளர்க்கும் ஒருவரின் வீட்டுத் திண்ணையும் ஒரு காப்பகமே. அங்கும் இதே விதிகள் பொருந்தும்.

காப்பகத்தின் தனித்தன்மை

பூனை இயல்பில் தனித்து வேட்டையாடும் விலங்கு. தனக்கென ஓர் எல்லையை வகுத்துக்கொண்டு, அறிமுகமில்லாத பூனைகளிடமிருந்து விலகியே வாழும். காப்பகத்தில் இதற்கு நேர்மாறான நிலை உள்ளது. வெவ்வேறு தெருக்களிலிருந்து, வெவ்வேறு வயதில், தடுப்பூசி போட்டதும் போடாததுமாகப் பல பூனைகள் ஒரே கூரையின் கீழ் சேர்கின்றன. புதியவை நாள்தோறும் வருகின்றன.

இங்கு மூன்று காரணங்கள் ஒன்றுசேர்கின்றன. முதலாவது, நோய் எதிர்ப்பாற்றல் இல்லாத குட்டிகளின் எண்ணிக்கை. தாய்ப்பாலின் வழியாகக் கிடைத்த எதிர்ப்பாற்றல் குறைந்துவரும் வயதில்தான் பெரும்பாலான குட்டிகள் கைவிடப்படுகின்றன. இரண்டாவது, மன அழுத்தம். நாய் குரைக்கும் ஒலி, ஒளிந்துகொள்ள இடமில்லாத கூண்டு, அடிக்கடி கூண்டு மாற்றுதல் ஆகியவை பூனையின் எதிர்ப்பாற்றலைக் குறைக்கின்றன. மூன்றாவது, கிருமியைச் சுமந்து செல்லும் மனிதக் கைகள். ஒரே ஆள், ஒரே துடைப்பம், ஒரே உணவுத் தட்டு என்று எல்லாக் கூண்டுகளையும் சுற்றிவரும்போது, கூண்டுக் கம்பிகள் பூனைகளைப் பிரித்தாலும் கிருமியைப் பிரிப்பதில்லை.

முதன்மையான நோய்கள்

பூனை வெள்ளணுக் குறைவு நோய்: பேன்லியுகோபீனியா எனப்படும் இந்நோய்க்குப் பார்வோ வைரசுக் குடும்பத்தைச் சேர்ந்த வைரசு காரணமாகும். காப்பக ஊழியர்கள் மிகவும் அஞ்சும் நோய் இதுவே. வேகமாகப் பிரிந்து பெருகும் உயிரணுக்களை இந்த வைரசு தாக்குகிறது. எலும்பு மஞ்சையைத் தாக்குவதால் இரத்த வெள்ளணுக்கள் வெகுவாகக் குறைகின்றன. குடலின் உட்சுவரைத் தாக்குவதால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் ஏற்படுகின்றன. நோயுற்ற பூனை காய்ச்சலுடன் சோர்ந்து, தண்ணீர்க் கிண்ணத்தின் முன் தலையைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருக்கும், ஆனால் குடிக்காது. சில குட்டிகள் எந்த அறிகுறியும் தெரியாமலேயே ஒரே இரவில் இறந்துவிடும். அதனால் யாரோ நஞ்சு வைத்துவிட்டார்கள் என்று தவறாக எண்ணப்படுவதும் உண்டு. தடுப்பூசி போடாத குட்டிகளில் இறப்பு 90 விழுக்காடு வரை செல்லக்கூடும்.

தொற்று ஏற்பட்டதிலிருந்து அறிகுறி தோன்றப் பொதுவாக 2 முதல் 7 நாட்கள் ஆகும். சிலவற்றில் 14 நாட்கள் வரை ஆகலாம். கருவுற்ற பூனையைத் தாக்கினால் குட்டிகளின் சிறுமூளை வளர்ச்சி பாதிக்கப்படும். அவ்வாறு பிறந்த குட்டிகள் தள்ளாடி நடக்கும். ஆனால் அந்தத் தள்ளாட்டம் நாளடைவில் மோசமாவதில்லை. பராமரிப்பு கிடைத்தால் அவை நெடுநாள் வாழும்.

இந்த வைரசுக்கு மேலுறை இல்லாததால் அது மிகவும் உறுதியானது. சாதாரண அறை வெப்பநிலையில் ஓராண்டு வரை தரையிலும் துணியிலும் உயிர்ப்புடன் இருக்கக்கூடும். சாராயம் கலந்த கைகழுவும் திரவமும் வழக்கமான தரை துடைக்கும் திரவங்களும் இதை அழிப்பதில்லை. நாய்களைத் தாக்கும் பார்வோ வைரசு 1978 வாக்கில் உலகெங்கும் பரவியது. அது பூனை வைரசிலிருந்தோ அதற்கு மிக நெருங்கிய ஒன்றிலிருந்தோ தோன்றியது. நாய் வைரசின் பிற்கால வகைகள் பூனைகளையும் தாக்கவல்லவை. ஆகவே நாய்களும் பூனைகளும் சேர்ந்திருக்கும் காப்பகத்தில் நாய்ப் பகுதியின் செருப்பும் துடைப்பமும் பூனைப் பகுதிக்கு வரக்கூடாது.

மேல் மூச்சுப்பாதை நோய்கள்: தும்மல், மூக்கொழுகல், கண் பீளை, வாய்ப்புண் ஆகியவை இதன் அறிகுறிகள். பூனை ஹெர்பிஸ் வைரசும் காலிசி வைரசும் முதன்மைக் காரணிகள். கிளமிடியா, பார்டெட்டெல்லா, மைக்கோபிளாசுமா ஆகிய நுண்ணுயிரிகளும் சேர்ந்துகொள்ளலாம். ஹெர்பிஸ் வைரசு ஒருமுறை உடலில் புகுந்தால் வாழ்நாள் முழுவதும் நரம்பணுக்களில் உறங்கிக் கிடக்கும். பூனைக்கு மன அழுத்தம் ஏற்படும்போது விழித்தெழும். இதனால்தான் காப்பகத்துக்கு வரும்போது நலமாக இருந்த பூனை, பத்து நாட்களில் தும்மத் தொடங்குகிறது. அது வேறு பூனையிடமிருந்து நோயைப் பெற்றிருக்க வேண்டும் என்பதில்லை. இடமாற்றமே அதன் பழைய நோயை எழுப்பியிருக்கலாம்.

காலிசி வைரசு உலர்ந்த பரப்பில் பல நாட்கள் இருக்கும். அது அடிக்கடி உருமாறுவதால் தடுப்பூசி நோயின் கடுமையைக் குறைக்கிறதே தவிர, தொற்றை முழுமையாகத் தடுப்பதில்லை. 1998இல் அமெரிக்காவின் வடக்குக் கலிபோர்னியாவில், முகமும் கால்களும் வீங்கி உள்ளுறுப்புகள் வரை பாதிக்கப்படும் கொடிய வகையொன்று அறியப்பட்டது. வளர்ந்த, தடுப்பூசி போட்ட பூனைகளையும் அது கொன்றது.

குடற் கொரோனா வைரசு: பல பூனைகள் ஒரே மணல் தட்டைப் பயன்படுத்தும் இடங்களில் இது எளிதாகப் பரவும். பெரும்பாலான பூனைகளுக்கு இலேசான வயிற்றுப்போக்கோடு முடிந்துவிடும். சிறு பங்கில் மட்டும் வைரசு உடலுக்குள்ளேயே உருமாறி, வயிற்றிலோ நெஞ்சிலோ நீர் கோத்துக்கொள்ளும் தொற்று வயிற்றறையழற்சியாக மாறுகிறது. முன்பு இது ஏறத்தாழ உறுதியான மரணமாக இருந்தது. ஜிஎஸ்-441524 என்ற மருந்தால் பெரும்பாலான பூனைகள் பிழைப்பதை 2019இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. கோவிட் காலத்தில் அறிமுகமான ரெம்டெசிவிர் அதன் நெருங்கிய உறவு மருந்தாகும். 2023இல் சைப்பிரசுத் தீவில் பூனைக் கொரோனா வைரசும் நாய்க் கொரோனா வைரசும் கலந்து உருவான புதிய வகை வழக்கத்துக்கு மாறாகப் பூனைக்குப் பூனை பரவியது. மனிதர்களுக்கென வைத்திருந்த கோவிட் மருந்தைப் பூனைகளுக்கு வழங்க அந்நாட்டு அரசு அனுமதித்தது.

படர்தாமரை: இது வைரசன்று, பூஞ்சை. வட்டமாக முடி உதிர்ந்து தோல் செதிலாக உரியும். உயிருக்கு ஆபத்தில்லை என்றாலும் மனிதர்களுக்கு, குறிப்பாகச் சிறுவர்களுக்கு, எளிதில் தொற்றும். பூஞ்சை வித்துகள் முடியோடு உதிர்ந்து மாதக்கணக்கில் நிலைத்திருக்கும்.

அறியப்பட்ட சில பரவல்கள்

நியூயார்க், 2016: நவம்பர், டிசம்பர் மாதங்களில் நியூயார்க் நகர விலங்கு காப்பகங்களில் பூனைகளிடையே எச்7என்2 வகை இன்ஃபுளுவென்சா பரவியது. ஏறத்தாழ 500 பூனைகள் தனி இடமொன்றுக்கு மாற்றப்பட்டு, தொற்று நீங்கும் வரை பராமரிக்கப்பட்டன. பூனைகளைக் கவனித்த ஒரு கால்நடை மருத்துவருக்கும் நோய் தொற்றியது, அவர் குணமடைந்தார். பெரும் எண்ணிக்கையில் பூனைகளைக் கொல்லாமலேயே ஒரு பரவலை அடக்க முடியும் என்பதற்கு இது எடுத்துக்காட்டாக உள்ளது.

வண்டலூர், 2021: சென்னையை அடுத்த வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவில் சிங்கங்களிடையே கோவிட்-19 தொற்று கண்டறியப்பட்டது. ஜூன் 3 அன்று நீலா என்ற பெண் சிங்கமும், ஜூன் 16 அன்று பத்மநாதன் என்ற ஆண் சிங்கமும் இறந்தன. சோதனைக்கு அனுப்பப்பட்ட மாதிரிகளில் டெல்டா வகை வைரசு உறுதிசெய்யப்பட்டது. உயிரியல் பூங்கா காப்பகமன்று. எனினும் பூனைக் குடும்ப விலங்குகள் அடுத்தடுத்த அடைப்புகளில் வாழும்போது மூச்சுவழி நோய் எவ்வாறு பரவுகிறது என்பதைத் தமிழ்நாடு நேரில் கண்ட நிகழ்வு இது.

சியோல், 2023: தென்கொரியத் தலைநகரின் இரண்டு பூனைக் காப்பகங்களில் எச்5என்1 பறவைக் காய்ச்சல் பரவியது. அவற்றுள் யோங்சான் பகுதியிலிருந்த காப்பகத்தில் 40 பூனைகளில் 38 இறந்தன. கிருமி நீக்கம் சரிவரச் செய்யப்படாமல் விற்பனைக்கு வந்த பச்சை வாத்து இறைச்சி உணவில் வைரசு கண்டறியப்பட்டது.

நாக்பூர், 2024: மகாராட்டிர மாநிலம் நாக்பூரிலுள்ள கோரேவாடா மீட்பு மையத்தில் டிசம்பர் இறுதியில் மூன்று புலிகளும் ஒரு சிறுத்தையும் இறந்தன. எச்5என்1 வைரசே காரணம் என்பது போபாலிலுள்ள உயர் பாதுகாப்பு விலங்கு நோய்களுக்கான தேசிய ஆய்வகத்தில் உறுதியானது. அடுத்த சில வாரங்களில் மத்தியப் பிரதேசத்தின் சிந்துவாரா மாவட்டத்தில் வீட்டுப் பூனைகளிலும் இந்த வைரசு கண்டறியப்பட்டது.

இவற்றுள் சியோல் நிகழ்வு காப்பகங்களுக்கு ஒரு தெளிவான பாடத்தைத் தருகிறது. கோழிக்கடைக் கழிவைப் பச்சையாகப் பூனைகளுக்குப் போடும் வழக்கம் நம் ஊர்களில் பரவலாக உள்ளது. அதை நன்கு வேகவைத்துக் கொடுத்தால் இந்த வழி அடைபட்டுவிடும்.

நெரிசலும் கணக்கும்

காப்பகத்தில் எந்நேரமும் இருக்கும் பூனைகளின் எண்ணிக்கையை ஓர் எளிய பெருக்கலால் அறியலாம்: ஒரு நாளில் வரும் பூனைகள் × ஒவ்வொன்றும் தங்கும் நாட்கள். நாளொன்றுக்கு இரண்டு பூனைகள் வந்து, ஒவ்வொன்றும் 30 நாட்கள் தங்கினால் 60 பூனைகள் இருக்கும். தங்கும் நாட்களை 15 ஆகக் குறைத்தால், வரும் எண்ணிக்கை மாறாமலேயே 30 பூனைகள்தான் இருக்கும். ஆகவே கருத்தடை, தடுப்பூசி, தத்துக் கொடுத்தல் ஆகியவற்றைத் தாமதமின்றிச் செய்வது நோய்த்தடுப்பின் ஒரு பகுதியாகும்.

அடுத்தது உழைப்புக் கணக்கு. ஒரு விலங்குக்குச் சுத்தம் செய்யவும் உணவளிக்கவும் நாளொன்றுக்குக் குறைந்தது 15 நிமிடம் தேவை என்பது காப்பகங்கள் பின்பற்றும் பொது அளவு. 40 பூனைகளுக்கு 600 நிமிடம், அதாவது 10 மணி நேரம். இரண்டு தன்னார்வலர்கள் காலையில் இரண்டிரண்டு மணி நேரம் வந்தால் 4 மணி நேரமே கிடைக்கும். அந்த நேரத்தில் 16 பூனைகளைத்தான் முறையாகப் பராமரிக்க முடியும். மீதி 24 பூனைகளுக்கும் சேர்த்து வேலையைச் சுருக்கும்போது கை கழுவுவதும் தட்டு மாற்றுவதும்தான் முதலில் விடுபடுகின்றன. பரவலும் அங்கேதான் தொடங்குகிறது.

"இன்னும் ஒன்றுதானே" என்ற இரக்கத்தில் ஏற்றுக்கொள்ளப்படும் பூனை, ஏற்கெனவே உள்ளவற்றின் பாதுகாப்பைக் குறைக்கிறது. இடமில்லை என்று சொல்வது கல்மனமாகத் தோன்றும். ஆனால் கொள்ளளவை மீறாத காப்பகமே அதிக உயிர்களைக் காக்கிறது.

தடுப்பு முறைகள்

நுழைவில் தடுப்பூசி: வெள்ளணுக் குறைவு, ஹெர்பிஸ், காலிசி ஆகிய மூன்றுக்குமான கூட்டுத் தடுப்பூசியைப் பூனை வந்த அன்றே, மற்றப் பூனைகளோடு சேர்க்கும் முன்பே போடுவது மிக முக்கியமான நடவடிக்கையாகும். வலுக்குறைக்கப்பட்ட உயிர் வைரசுத் தடுப்பூசி வெள்ளணுக் குறைவு நோய்க்கு எதிராகச் சில நாட்களிலேயே பாதுகாப்பளிக்கத் தொடங்கும். நாளை மறுநாள் போடலாம் என்று தள்ளினால் அந்த இடைவெளியில் தொற்று முந்திக்கொள்ளும்.

காப்பகக் குட்டிகளுக்கு 4 வார வயதிலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, 16 முதல் 20 வார வயது வரை திரும்பத் திரும்பப் போடப்படுகிறது. இதற்குக் காரணம் உண்டு. தாய்ப்பாலின் எதிர்ப்பாற்றல் உடலில் உள்ளவரை அது தடுப்பூசியையும் செயலிழக்கச் செய்கிறது. அந்த ஆற்றல் எந்த வாரத்தில் தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறுபடும். எனவே ஒரே ஊசியை நம்பாமல் தொடர்ந்து போடுகிறார்கள். நான்கு வாரத்துக்குக் குறைந்த குட்டிகளுக்கு உயிர் வைரசுத் தடுப்பூசி போடுவதில்லை. கருவுற்ற பூனைகளுக்குக் கால்நடை மருத்துவரின் முடிவுப்படியே போட வேண்டும். வெறிநாய்க்கடித் தடுப்பூசி இதில் அடங்காது. அது 12 வார வயதளவில் தனியே போடப்படுகிறது.

பிரித்து வைத்தல்: புதியவை, நலமானவை, நோயுற்றவை என மூன்று இடங்கள் வேண்டும். தனி அறைகள் இல்லாவிட்டால் தனித் தட்டு, தனித் துடைப்பம், தனி மேலாடை என்ற அளவிலாவது பிரிக்க வேண்டும். தும்மலின் துளிகள் சுமார் 4 அடி தொலைவு செல்லக்கூடியவை. எனவே எதிரெதிர் கூண்டுகளுக்கிடையே அதற்கு மேல் இடைவெளி தேவை. வெவ்வேறு தாய்க் குட்டிகளை ஒரே கூண்டில் கலக்கக்கூடாது.

சுத்தம் செய்யும் வரிசை: முதலில் நலமான குட்டிகள், அடுத்து நலமான பெரிய பூனைகள், பிறகு புதிதாக வந்தவை, கடைசியில் நோயுற்றவை. இந்த வரிசையைத் தலைகீழாக்கினால், சுத்தம் செய்பவரே நோயைக் கொண்டுபோய்க் கொடுக்கிறார்.

கிருமிநீக்கம்: முதலில் மலம், முடி, உணவுத் துணுக்குகளை அகற்றிச் சோப்பு நீரால் கழுவ வேண்டும், அழுக்கின் மேல் ஊற்றிய மருந்து வேலை செய்யாது. அதன்பின் குளோரின் கரைசல் இட்டு 10 நிமிடம் விட்டுக் கழுவ வேண்டும். 5 விழுக்காடு வீரியமுள்ள கடைச் சலவைத் திரவமானால் ஒரு பங்குக்கு 32 பங்கு நீர். ஊராட்சிகளில் கிடைக்கும் பிளீச்சிங் பவுடர் 30 விழுக்காடு குளோரின் வீரியம் உடையதானால், லிட்டருக்கு ஏறத்தாழ 5 கிராம் இதே அளவைத் தரும். காற்றுப்பட்ட பழைய பவுடர் வீரியம் இழந்திருக்கும். கரைசலை அன்றன்றே தயாரிக்க வேண்டும், அமிலத்தோடு கலக்கக்கூடாது. பூனைகளை வெளியே எடுத்த பிறகே பயன்படுத்த வேண்டும்.

பினாயில் வகைகளும் டெட்டால் போன்றவையும் பூனைக்கூண்டுக்கு உகந்தவை அல்ல. பீனால் வகைப் பொருட்களை முறித்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. பாதத்தில் பட்டதை நக்கினாலே நஞ்சாகும். இதே காரணத்தால் மனிதர்களின் காய்ச்சல் மாத்திரையான பாரசிட்டமாலும் பூனைக்கு உயிர்க்கொல்லியாகும். மஞ்சள் நீரோ வேப்பிலையோ மேற்சொன்ன கிருமிநீக்கத்துக்கு மாற்றாகா.

பரவல் தொடங்கியபின் செய்ய வேண்டியவை

ஒரு குட்டி திடீரென இறந்தாலோ, காய்ச்சலும் வாந்தியும் சேர்ந்து தோன்றினாலோ அதை வெள்ளணுக் குறைவு நோயாகக் கருதியே தொடங்க வேண்டும். பசும்பால் ஒத்துக்கொள்ளாமல் குட்டிகளுக்கு வயிற்றுப்போக்கு ஏற்படுவது வழக்கம். ஆனால் அதில் காய்ச்சலும் கடும் சோர்வும் பொதுவாக இரா. நாய்ப் பார்வோ நோய்க்கான மலச் சோதனை அட்டையே பூனை வைரசையும் காட்டும் என்பதால் கால்நடை மருத்துவமனையில் சில நிமிடங்களில் கண்டறியலாம். சோதனை 'இல்லை' என்று காட்டினாலும் அறிகுறி தொடர்ந்தால் ஐயத்தைக் கைவிடக்கூடாது. இறந்த குட்டியைப் புதைக்கும் முன் பிரேதப் பரிசோதனை செய்தால் மற்றவற்றின் உயிரைக் காக்கும் விடை கிடைக்கும்.

அடுத்து, பூனைகளின் பட்டியல் ஒன்றை எழுத வேண்டும். வந்த நாள், வயது, தடுப்பூசி நாள், இருந்த கூண்டு, அறிகுறி தோன்றிய நாள் ஆகிய ஐந்து கட்டங்கள் போதும். யார் யாரோடு தொடர்பில் இருந்தார்கள் என்பது அதிலிருந்தே தெரிந்துவிடும். தடுப்பூசி பெற்றிருந்த வளர்ந்த பூனைகளுக்கு ஆபத்து குறைவு. தடுப்பூசி பெறாத குட்டிகளுக்கு மிக அதிகம். தொடர்பில் இருந்தவற்றை, கடைசி நோயாளியைப் பிரித்த நாளிலிருந்து 14 நாட்கள் தனியே வைத்துக் கவனிக்க வேண்டும். விடுபட்ட அனைத்துக்கும் அன்றே தடுப்பூசி போட வேண்டும்.

இந்த நாட்களில் புதிய பூனைகளை அதே இடத்தில் சேர்க்கக்கூடாது. தவிர்க்க முடியாவிட்டால், நோய் நுழையாத வேறொரு வீட்டில் வைக்கலாம். பயந்துபோய்ப் பூனைகளைத் தெருவில் திறந்துவிடுவது பெருந்தவறு. ஒரு காப்பகத்தின் நோயை ஊர் முழுவதற்கும் பகிர்ந்தளிப்பதே அதன் விளைவாகும். அனைத்தையும் கொன்றுவிடுவதும் தேவையற்றது. அதனால் தரையிலுள்ள வைரசு போய்விடாது. அடுத்து வரும் குட்டியை அது தாக்கும்.

வெள்ளணுக் குறைவு நோய்க்கு வைரசைக் கொல்லும் மருந்து வழக்கத்தில் இல்லை. நீரிழப்பை ஈடுசெய்யும் நரம்புவழி நீர், வாந்தியைக் கட்டுப்படுத்தும் மருந்து, துணைத் தொற்றுகளுக்கு எதிரான நுண்ணுயிரெதிரி, கதகதப்பு ஆகியவையே சிகிச்சை. முதல் ஐந்து நாட்களைத் தாண்டும் குட்டி பெரும்பாலும் பிழைக்கும். பிழைத்தவை நெடுங்கால எதிர்ப்பாற்றல் பெறும். எனினும் அவை சில வாரங்கள் வரை மலத்தில் வைரசை வெளியேற்றலாம்.

மலைப்பகுதிகளில்: ஜவ்வாது மலை

ஜவ்வாது மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாகும். திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரவியுள்ளது. மலையாளி பழங்குடி மக்கள் பெரும்பான்மையாக வாழும் இங்குச் சாமையும் பிற தானியங்களும் விளைகின்றன. தானியம் உள்ள வீட்டில் எலி வரும். எலிக்காகப் பூனை வளர்ப்பார்கள். சிதறிய சிற்றூர்களில் வாழும் இப்பூனைகள் பெரும்பாலும் தடுப்பூசி அறியாதவை. வெளியிலிருந்து ஒரு கிருமி வராதவரை இத்தனிமையே அவற்றுக்குப் பாதுகாப்பு. வந்துவிட்டால் அத்தனிமையே பலவீனமாகிறது.

கிருமி மலையேறும் வழிகள் சில உண்டு. போளூர், ஆலங்காயம், திருப்பத்தூர் பக்கமிருந்து ஏறும் சாலைகளில் வேண்டாத குட்டிகளைச் சாக்கில் கொண்டுவந்து விட்டுச் செல்வது ஒன்று. சமவெளியிலிருந்து நாயையோ பூனையையோ வாங்கி வருவது மற்றொன்று. இறக்கம் எதிர்த் திசையிலும் நடக்கிறது. மலைக் குட்டிகளை இரக்கத்தோடு நகரக் காப்பகத்துக்குக் கொண்டு செல்பவர், எதிர்ப்பாற்றலே இல்லாத உயிர்களை நோய் நிறைந்த இடத்தில் கொண்டுபோய் விடுகிறார். இறக்கும் முன் தடுப்பூசி போட்டு இரண்டு வாரம் ஒரு வீட்டில் வைத்திருப்பது அவற்றின் உயிரைக் காக்கும்.

மலை வீட்டில் சில நடைமுறைகளை மாற்றிக்கொள்ள வேண்டும். மண் தரையையும் சாணம் மெழுகிய தரையையும் குளோரினால் கிருமிநீக்கம் செய்ய இயலாது. குட்டி இறந்த வீட்டில் ஓராண்டுக்குத் தடுப்பூசி முடிக்காத புதுக் குட்டியை வைக்காதிருப்பதே வழி. இறந்த குட்டி படுத்திருந்த சாக்கு, துணி, கூடை ஆகியவற்றை எரித்துவிடலாம். தடுப்பூசி 2 முதல் 8 பாகை செல்சியசு குளிரில் இருக்க வேண்டும். பனிக்கட்டிப் பெட்டி இல்லாமல் மலைச்சாலையில் கொண்டுவந்த ஊசி பயன் தராது. அடுத்தடுத்த ஊர்க்காரர்கள் சேர்ந்து ஒரு நாளைக் குறித்து மருத்துவரை அழைத்தால் செலவும் குறையும், குளிரும் காக்கப்படும். தமிழ்நாட்டில் கால்நடை மருத்துவ ஊர்தியை அழைக்க 1962 என்ற கட்டணமில்லா எண் உள்ளது. பூனைக்கான தடுப்பூசி உள்ளதா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

இதில் காட்டின் நலனும் அடங்கியுள்ளது. வெள்ளணுக் குறைவு வைரசு பூனைக் குடும்பம் முழுவதையும் தாக்கக்கூடியது. காட்டோரம் வீசப்படும் நோயுற்ற குட்டியின் உடல், காட்டுப் பூனைக்கோ சிறுத்தைக்கோ நோயைக் கொடுக்கலாம். இறந்தவற்றை ஆழமாகப் புதைக்க வேண்டும்.

மனிதர்களுக்கான பாதுகாப்பு

வெள்ளணுக் குறைவு நோயும், பூனை ஹெர்பிஸ், காலிசி வைரசுகளும் மனிதர்களுக்குத் தொற்றுவதில்லை. படர்தாமரை தொற்றும். பறவைக் காய்ச்சல் அரிதாகத் தொற்றலாம். எனவே பல பூனைகள் மூச்சுத்திணறலோ வலிப்போ கண்டு விரைவாக இறந்தால், முகக்கவசமும் கையுறையும் இன்றி அணுகக்கூடாது.

எல்லாவற்றிலும் கொடியது வெறிநோய். வெறிநாய் கடித்த பூனை மனிதரைக் கடித்தாலோ கீறினாலோ நோய் பரவும். கடிபட்ட இடத்தை உடனே சோப்பிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனையில் தடுப்பூசி தொடங்க வேண்டும். பூனைகளை அன்றாடம் கையாளும் தன்னார்வலர்கள் முன்கூட்டியே தடுப்பூசி போட்டுக்கொள்வது பாதுகாப்பானது.

சட்ட நிலை

விலங்குகளில் தொற்றுநோய்த் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம், 2009இன் படி, பட்டியலிடப்பட்ட நோய் இருப்பதாக ஐயுறும் உரிமையாளரோ பொறுப்பாளரோ அதைக் கிராம அலுவலருக்கு அல்லது ஊராட்சிக்குத் தெரிவிக்க வேண்டும். அவர்கள் அருகிலுள்ள கால்நடை மருத்துவருக்கு அறிவிப்பார்கள். வெறிநோயும் பறவைக் காய்ச்சலும் இவற்றுள் அடங்கும். விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், 1960 விலங்குகளுக்குத் தேவையற்ற துன்பம் தருவதையும், அவற்றைப் பசியில் வாடும் நிலையில் கைவிடுவதையும் குற்றமாகக் கருதுகிறது. நோய் கண்ட குட்டிகளை மூட்டை கட்டி வீசுவது இச்சட்டத்துக்கும் நோய்த்தடுப்புக்கும் ஒருசேர எதிரானது.